இருபத்து நான்கு மாடுகளும் அடிக்குறிப்பு சாரும்

கம்பம் பள்ளத்தாக்கில் வாயைத் திறந்து பேசியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது பொய் சொல்லியிருப்பார்கள், ஒருவரைத் தவிர. அதை ஒழுக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். எதைச் சொன்னாலும் அதை முதலில் சொன்னவர் யார், எந்த வருடம் சொன்னார், எந்தப் பக்கத்தில் சொன்னார் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. அத்தனையையும் சொல்லி முடிப்பதற்குள் யாருக்கும் பொய் சொல்லும் ஆசையே போய்விடும்.

"இன்னைக்கு வெயில் சாஸ்தி சார்" என்று சொல்லிப் பாருங்கள். "யார் சொன்னது?" என்பார்.

"நான்தான் சார் சொல்றேன்."

"நீங்க எதுல படிச்சீங்க?"

"முதுகுல படிச்சேன் சார். எரியுது."

அதையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்வார்.

அவர் தேனிக்கு வெளியே ஒரு கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். கரும்பலகையில் எழுதும்போது எண் போட்டு, பலகையின் அடியோரத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, பொடி எழுத்தில் ஆதாரம் எழுதுவாராம். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் 'அடிக்குறிப்பு'. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு தடவை அவர் மனைவி கடைக்குப் போன் செய்து, "அடிக்குறிப்பு சார் அங்கன இருக்காகளா?" என்று கேட்டார்.

கடை என்றது என் கடையை. தொண்ணூறுகளின் கடைசியில் தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வைத்து டி.டி.பி. கடை நடத்தினேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இவைதான் என் இலக்கியம். சார் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பொருளாதார ஆய்விதழ் ஒன்றை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதை டைப் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. ஆங்கிலம் எனக்கு எழுத்துக்கூட்டி அடிக்க வரும், அர்த்தம் வராது. அந்தத் தகுதி அவருக்குப் பிடித்திருந்தது. "அர்த்தம் தெரிஞ்ச ஆபரேட்டர் திருத்திடுவான் தம்பி. நீங்க உள்ளதை உள்ளபடி அடிப்பீங்க" என்றார். அந்த நம்பிக்கை எங்களை எங்கே கொண்டு நிறுத்தியது என்பதுதான் கதை.

அவர் கடையில் உட்கார்ந்திருந்தால் எனக்கு வியாபாரம் படுத்துவிடும். ஒரு நாள் ஒருவர் தகப்பனார் இறந்த துக்கத்தோடு போஸ்டர் அடிக்க வந்தார். 'ஊருக்கு உழைத்த உத்தமர்' என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார். சார் எட்டிப் பார்த்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "ஊருக்கு உழைச்சாகன்னு போட்ருக்கீங்களே, எதை வச்சுச் சொல்றீங்க?"

அந்த மனிதர் எழுதி வந்த தாளைத் திரும்ப ஒரு தடவை பார்த்தார். "அப்படி ஒண்ணும் உழைக்கலங்க சார். வீட்டுக்கே உழைக்கல. பொதுவாப் போடுறதுதான?"

"அப்ப எடுத்துருவோமா?"

"எடுத்துருங்க."

'அன்புத் தந்தை' என்பதிலும் அவர் கை வைப்பதற்குள் நான் பிரிண்ட் கொடுத்துவிட்டேன். அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு எத்தனையோ பேர் இறந்தார்கள். யாருக்கும் என் கடையில் போஸ்டர் அடிக்கவில்லை.

சாருடைய இதழில் எந்த வருடம் எதைப் பற்றிக் கட்டுரை வருகிறது என்பதை அவர் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் படமாக வரைந்து என் கடைச் சுவரில் மாட்டியிருந்தார். ஆராய்ச்சிப் போக்கு என்று அதற்குப் பெயர். ஆரம்பத்தில் எல்லோரும் ஏலக்காயைப் பற்றி எழுதினார்கள். பிறகு திராட்சை. பிறகு மூன்று வருடம் மகளிர் சுய உதவிக் குழு. அந்த மூன்று வருடங்களில் எனக்கு அந்த ஆங்கில வார்த்தை கண்ணை மூடிக்கொண்டு அடிக்கப் பழகிவிட்டது. தக்காளி விற்க வந்து, வெயிலுக்கு என் கடையில் ஒதுங்கிய ஒரு விவசாயி அந்தப் படத்தை உற்றுப் பார்த்து விளக்கம் கேட்டார். கேட்டுவிட்டு, "இதுவும் தக்காளி மாதிரிதானா? ஒருத்தன் போட்டு நல்ல விலை வித்தா, மறு வருசம் ஊரே தக்காளி போடும்" என்றார். சார் உடனே பேனாவை எடுத்து அவர் பெயரையும் தகப்பனார் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். பட்டா விவகாரமோ என்று பயந்து அந்த ஆள் கூடையைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினார்.

ஆனால் சாரின் உண்மையான கவலை வேறு. ஒருவர் எழுதிய கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் ஆதாரமாக எடுத்துக்காட்டினால் அது ஒரு மேற்கோள். ஒரு இதழிலிருந்து எத்தனை பேர் அப்படி எடுத்துக்காட்டுகிறார்கள் என்பதுதான் அந்த இதழின் மதிப்பு. சாருடைய இதழிலிருந்து யாரும் எடுக்கவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை அவர் பஸ் ஏறி மதுரை போய், ஒரு பெரிய நூலகத்தில் உட்கார்ந்து, வந்திருக்கும் இதழ்களையெல்லாம் கடைசிப் பக்கத்திலிருந்து பார்ப்பார். மேற்கோள் பட்டியல் அங்கேதான் இருக்கும். பல வருடம் இப்படிப் பார்த்துப் பார்த்து அவருக்கு எதையும் முன்னாலிருந்து படிக்கும் பழக்கமே விட்டுப்போனது. கல்யாணப் பத்திரிகையைக்கூட அச்சகத்தின் பெயரிலிருந்து தொடங்கி மேலே போய், கடைசியாகத்தான் பிள்ளையாருக்கு வருவார்.

ஒரு திங்கட்கிழமை அவர் கையில் இனிப்புப் பெட்டியோடு மாடியேறி வந்தார். முகம் மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"வந்துருச்சு தம்பி. ஒருத்தர் நம்மளை எடுத்துக்காட்டியிருக்கார்."

"என்னன்னு சார்?"

"நம்ம இதழ்ல வந்த திராட்சைக் கட்டுரை முழுக்க முழுக்கத் தப்புன்னு எழுதியிருக்கார்."

நான் அல்வாவை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினேன்.

"சாப்பிடுங்க. தப்புன்னு சொல்லணும்னாலும் படிச்சிருக்கணும்ல?"

இதெல்லாம் தமாஷாக இருந்தது, கல்லூரித் தாளாளர் இதற்குள் வரும்வரை. அவர் ஏலக்காய் வியாபாரி. நல்ல மனிதர், எடை போட்டே பழகியவர். கல்லூரிகளைப் பார்த்துத் தரம் போடும் குழு ஒன்று அடுத்த சில வருடங்களில் வரப்போகிறது என்றும், இதழை யார் யார் எடுத்துக்காட்டினார்கள் என்று குழு கேட்கும் என்றும் அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். 'ஒருவர், அவரும் தப்பு என்றார்' என்று குழுவிடம் சொல்ல முடியாது அல்லவா? வேறொரு ஜில்லாவிலிருந்து இன்னொரு இதழாசிரியர் அவருக்கு ஒரு யோசனை சொன்னார். உங்கள் இதழில் எங்களை எடுத்துக்காட்டுங்கள், எங்கள் இதழில் உங்களை எடுத்துக்காட்டுகிறோம்.

தாளாளருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. "கேதத்துக்குப் போற மாதிரிதான சார். அவுக வீட்டுக்கு நாம போனா, நம்ம வீட்டுக்கு அவுக வருவாக."

"அதுக்கு மொதல்ல யாராவது சாகணும்லங்க" என்றார் சார்.

தாளாளர் முடிவாகச் சொல்லிவிட்டார். "குழு வர்றதுக்குள்ள ஏதாச்சும் வந்தா இதழ் இருக்கும். வரலைன்னா நிறுத்திருவோம். நான் வேற என்ன சொல்ல?"

அந்த வருடத்து இதழில்தான் அது நடந்தது. பொட்டிப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வீடு வீடாகப் போய் மாடுகளை எண்ணி ஒருவர் எழுதிய கட்டுரை. அச்சுக்குப் போக வேண்டிய நாள். சார் வழக்கம்போலப் பின்னாலிருந்து பிழை பார்த்துக்கொண்டு வந்தார். மேற்கோள் பட்டியலில் ஒரு காற்புள்ளிக்காக அரை மணி நேரம் யோசித்தார். கரண்ட் வேறு போய் வந்தது. கீழே அச்சகத்து ஆள் மொபெட்டை நிறுத்தாமலே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"அட்டவணையை மட்டும் நீங்க ஒரு தரம் பாத்துருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் வகுப்புக்கு ஓடினார்.

நான் பார்த்தேன். கோடுகள் எல்லாம் நேராக இருந்தன. அனுப்பிவிட்டேன்.

அடுத்த வருடம் சார் மதுரையிலிருந்து மூன்று மேற்கோள்களோடு வந்தார். அதற்கடுத்த ஆறு மாதத்தில் ஒன்பது. எல்லாம் அந்த மாட்டுக் கட்டுரைக்கு. வடக்கே யாரோ ஒருவர் அந்த ஊரைக் கால்நடை வளர்ப்பின் முன்னோடி என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அதை வைத்து, பெரியாற்றுத் தண்ணீரில்தான் ஏதோ விசேஷம் என்று நிறுவியிருந்தார். மூன்றாமவர் இந்த இருவரையும் எடுத்துக்காட்டி, வெளிநாட்டுப் பண்ணைகளோடு ஒப்பிட்டிருந்தார். சாருக்கு வரும் கட்டுரைகளில் சுய உதவிக் குழு மறைந்து எல்லாம் மாடாகிவிட்டது. காலண்டர் அட்டையில் மாட்டுக் கோடு ஓரத்தைத் தாண்டிச் சுவரில் ஏறியது. தாளாளர் சாரைப் பார்த்தால் எழுந்து நிற்க ஆரம்பித்தார். சார் தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரியதை நான் பார்த்தது அந்தக் காலத்தில்தான்.

பேச்சியம்மா என்ற பெண் வந்தது அப்போதுதான். இதழின் பின் அட்டையில் என் கடை விலாசம் இருக்கும். அந்த அட்டையின் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க மாடியேறி வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும்.

"இங்கனதான் மாடு எண்ணுற ஆபீஸா?"

இல்லை என்றேன். சார் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கத்தா, என்ன விசயம்?" என்றார்.

"சர்க்காருல ஆளுக்கொரு கறவை மாடு குடுக்காகன்னு எங்கூருல எழுதிப் போட்டோம். ஆபீஸுல முடியாதுன்னுட்டாக. உங்க ஊருல வீட்டுக்கு இருவத்தி நாலு மாடு இருக்கு, புஸ்தகத்துலயே போட்ருக்கு, இன்னும் எதுக்கு மாடுங்காக. எங்க வீட்டுல ஆளே மூணு பேரு. ஒரு எருமை இருக்கு. அதுவும் வத்திப்போச்சு. மிச்ச மாட்டை நான் எங்கனன்னு போய்த் தேட?"

சார் எழுந்தார். பீரோவைத் திறந்து, கட்டுரை எழுதியவர் கொடுத்த கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தார். அட்டவணையைப் பார்த்தார். அச்சான இதழைப் பார்த்தார். பிறகு இரண்டையும் என் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்துப் பிரதியில் வீட்டுக்குச் சராசரி 2.4 என்று இருந்தது. இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் புள்ளி நன்றாகவே தெரிந்தது. அச்சில் அது இல்லை.

புள்ளியை விட்டவன் நான்தான். இத்தனை வருடத்தில் அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. "தம்பி, நம்மளை எல்லாரும் எடுத்துக்காட்டினது இந்தப் புள்ளி இல்லாததனாலதான்" என்றார். பிறகு பேச்சியம்மாவிடம், "தப்பு எங்களோடது ஆத்தா. நான் சரி பண்ணித் தர்றேன்" என்றார். இதை யார் சொன்னார், எந்தப் பக்கம் என்று எதுவும் சேர்க்கவில்லை.

அன்றைக்கே திருத்தம் எழுதினார். ஒரே பத்தி. 'இருபத்து நான்கு என்பதை இரண்டு புள்ளி நான்கு என்று படிக்கவும். பிழை பதிப்பாசிரியருடையது.' டைப் அடிக்கும்போது என் கை நின்றது.

"சார், பிழை என்னோடது."

"நீங்க உள்ளதை உள்ளபடி அடிங்க."

"உள்ளபடி பாத்தா என்னோடதுதான சார்?"

"அட்டவணையை உங்ககிட்ட விட்டுட்டுப் போனது யாரு? அடிங்க தம்பி."

தாளாளர் திருத்தத்தைப் படித்துவிட்டு வேர்த்துப்போனார். குழு வர ஒரு வாரம்தான் இருந்தது. "சார், ரெண்டே வாரம் பொறுங்க. குழு போகட்டும். அப்புறம் எத்தனை புள்ளி வேணும்னாலும் வைங்க."

"அந்த ரெண்டு வாரத்துல இன்னொருத்தர் எடுத்து எழுதிட்டா?"

"எழுதட்டுமே. நல்லதுதான?"

"அந்தம்மாவுக்கு மாடு வரணும்ங்க."

"மாடு நான் வாங்கித் தர்றேன் சார்."

"அப்ப அட்டவணை தப்பாவே இருக்கும்ல" என்றார் சார். தாளாளர் திருத்தத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதற்குள் இடி மாதிரி இன்னொரு செய்தி வந்தது. குழுத் தலைவர் கல்லூரியோடு சேர்த்து அந்த மாட்டு ஊரையும் பார்க்க ஆசைப்படுகிறார். தாளாளர் இரண்டு நாள் தூங்கவில்லை என்று கேள்வி. மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தார். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மாடு பிடித்து வர ஆள் அனுப்பினார். எல்லா வீட்டுக்கும் இருபத்து நான்கு என்றால் ஜில்லாவில் மாடு போதாது. ஆகவே ஒரு வீட்டைக் காட்டுவது, மற்ற வீட்டு மாடுகள் மேயப் போயிருக்கின்றன என்று சொல்லிவிடுவது. தெருவில் முதல் வீடாக இருந்ததால் அவருடைய ஆட்கள் தேர்ந்தெடுத்தது பேச்சியம்மா வீட்டை. பேச்சியம்மா யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

குழு வந்த அன்று சாரும் நானும் அச்சடித்த திருத்தத் தாள் கட்டோடு பஸ்ஸில் போய் இறங்கினோம். தெரு முழுக்க மாடு. கணக்காக இருபத்து நான்கு. ஒன்றுக்கொன்று முன்பின் பழக்கமில்லாத மாடுகள். ஒவ்வொன்றும் தன் ஊரைப் பார்த்துத் திரும்பி நின்று கத்திக்கொண்டிருந்தது. தேவாரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு சீமைப் பசுவின் சொந்தக்காரர் கயிற்றை விடமாட்டேன் என்று கூடவே நின்றார். குழு வந்தால் நீ மேய்க்க வந்தவன் என்று சொல்லு என்று அவருக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. "யாரு, நானா? எங்க வீட்டுல வேலைக்கு ரெண்டு பேரு இருக்காக" என்று அவர் சண்டைக்கு நின்றார்.

வேன் வந்தது. குழுத் தலைவர் கேரளத்துக்காரர், வயதானவர், மெலிந்த உடம்பு. இறங்கியதும் அவருக்குக் கொடுத்த பூச்செண்டை ஒரு காளைக்கன்று பாதி தின்றுவிட்டது. அவர் மீதியைப் பிடித்துக்கொண்டே மாடுகளை விரல்விட்டு எண்ணினார். இருபத்து நான்கு வந்ததும் முகம் மலர்ந்தது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "யாருய்யா வாசல்ல மாட்டைக் கட்டுனது? நான் வெளிய வர வேணாமா?"

இரண்டு பசுக்களை விலக்கிக்கொண்டு பேச்சியம்மா வெளியே வந்தார். தலைவர் தனக்குத் தெரிந்த தமிழில் ஏதோ கேட்கப் பார்த்து, முடியாமல் மலையாளத்தில் கேட்டார். "எத்ர பசு உண்டு அம்மே?"

தாளாளர் நிம்மதியாக மூச்சு விட்டார். பாஷை தெரியாமல் அந்தம்மா விழிக்கும் என்று நினைத்தார். அந்த ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் மலை ஏறி ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் என்பது, ஏலக்காய் வியாபாரியான அவருக்கே அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

"பசு இல்லா சாரே. ஒரு எரும மாத்ரம். ஈ நிக்கறதெல்லாம் ஆரோடதுன்னு எனிக்கு அறியில்லா" என்றார் பேச்சியம்மா.

சார் முன்னால் போய்த் திருத்தத் தாள் ஒன்றைத் தலைவரிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். 'யாருடைய பிழை' என்று கேட்கிறார் என்பது அர்த்தம் தெரியாத எனக்கும் புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சார் ஒரு அடி எடுத்து எனக்கு முன்னால் நின்றுகொண்டார். "மைன்" என்றார். அந்த ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் எனக்கு அர்த்தம் தெரியும்.

தலைவர் சிரிப்பார் அல்லது கோபப்படுவார் என்று நினைத்தோம். அவர் பூச்செண்டின் மீதியைக் கன்றிடமே கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னதைச் சார் பஸ்ஸில் வரும்போது எனக்குச் சொன்னார். அவரிடம் படித்த மாணவி ஒருத்தி இந்த இருபத்து நான்கை வைத்துத்தான் டாக்டர் பட்டம் வாங்கினாளாம். சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் அவர்தானாம். "அப்ப அவருக்கும் ஒரு திருத்தம் போடணும்னாரு. வாசகத்தை நம்மகிட்ட இருந்தே எடுத்துக்குறேன்னு சொன்னாரு" என்றார் சார். அது ஒரு மேற்கோள் ஆகுமா என்று யோசித்துக்கொண்டே போடி வரைக்கும் வந்தார்.

அந்த வாரமே சார் பேச்சியம்மாவோடு ஆபீஸுக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி ஒரு கையில் மாட்டுக் கட்டுரை வந்த இதழையும் இன்னொரு கையில் திருத்தத் தாளையும் வைத்துக்கொண்டு, "ரெண்டுல எதை சார் நம்ப?" என்று கேட்டார்.

"ரெண்டையும் நம்பாதீங்க. ஊருக்குப் போய் மாட்டை எண்ணுங்க."

"எண்ணுறதுக்கு ஆள் இல்லையே. தாளையே குடுத்துட்டுப் போங்க" என்று வாங்கி ஃபைலில் சேர்த்துக்கொண்டார். மாடு நாலு மாதம் கழித்து வந்தது. அதற்குப் பிறகு அந்த ஊர்க்காரர்கள் சாரை 'புள்ளி வச்ச சார்' என்றுதான் சொன்னார்கள்.

குழுவின் அறிக்கையில் கல்லூரிக்குச் சுமாரான தரம்தான் கிடைத்தது. ஆனால் இதழைப் பற்றி ஒரு வரி இருந்தது, தன் பிழையைத் தானே வெளியிடும் நேர்மையான இதழ் என்று. தாளாளர் அந்த வரியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவருடைய அறையில் மாட்டினார். மாட்டிய பிறகு இதழை நிறுத்த முடியவில்லை. அவர் சிக்கிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மேற்கோள்கள் பழையபடி வற்றிவிட்டன. இருபத்து நான்கை எடுத்து எழுதிய ஒவ்வொருவருக்கும் சார் கார்டு போட்டார். பலர் பதில் போடவில்லை. ஒருவர் நன்றி சொன்னார். பெரியாற்றுத் தண்ணீரில் விசேஷம் கண்டவர் மட்டும் நீளமான கடிதம் எழுதினார். மாடு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் தன் ஆய்வு முடிவில் மாற்றம் எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. அதைப் படித்துவிட்டுச் சார் சிரித்த சிரிப்பில் அவர் மூக்குக்கண்ணாடி என் கீபோர்டில் விழுந்தது.

இரண்டாயிரத்து ஒன்பதில் அவர் ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கி, கடையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினேன். அவர் போன பிறகு என் கடையில் பிழையே வருவதில்லை என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். பார்ப்பதற்கு ஆள் இல்லாததால்தான் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரையிலும் எங்காவது ஒன்றிரண்டு இருக்கும். கண்ணில் பட்டால், திட்டுவதற்காகவாவது ஒரு போன் பண்ணுங்கள் சார்.